பீட்டில் என்ஜின் கழற்றிப் பூட்டும்போது: ஒயில் கசிவுக்கு எது நல்லது?

பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவரிடம் கசிவைப் பற்றிக் கேட்டால், "கசியாவிட்டால்தான் பயம், உள்ளே ஒயில் இல்லை என்று அர்த்தம்" என்பார். நல்ல பகிடிதான். ஆனால் மொத்தமே இரண்டரை லீற்றர் ஒயில் பிடிக்கிற என்ஜின் அது. ரேடியேற்றர், தண்ணீர் எதுவும் கிடையாது; காற்றும் இந்த ஒயிலும்தான் சூட்டை இறக்குகின்றன. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் கச்சான் காற்று அனலாய் அடிக்கும் நாளில் அரை லீற்றர் குறைந்தாலும் அது சின்ன விஷயமில்லை.

கராஜ்களில் தர்க்கம் நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தைப் பற்றித்தான்: என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் மூட்டு. மக்னீசியக் கலவையில் வார்த்த அந்தப் பெட்டி நெடுக்காக இரண்டாகப் பிரியும். நடுவில் காஸ்கட் கிடையாது, வைக்கவும் கூடாது. கடதாசி ஒன்றை வைத்தால் அதன் தடிப்பளவுக்கு, கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பெயரிங் துளைகள் வட்டம் கெட்டு, பெயரிங்கின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே பசை மட்டுந்தான், அதுவும் மெல்லிசாக. சூடேறும்போது மக்னீசியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால், காய்ந்து கல்லாகும் பசையும் இங்கே உதவாது. பழைய ஷெல்லாக் அந்தக் கணக்கிலேயே கழிந்துபோகிறது.

மிச்சம் மூன்று பசைகள்தான். முதல் போட்டியாளர் சிலிக்கன். ஹாட்வெயார் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது இறுகுவதே காற்றிலுள்ள ஈரப்பதத்தால்தான். மார்கழி மழைக்காலத்தில், கடலை ஒட்டிய நம்முடைய திருகோணமலையில், பூசிய கொஞ்ச நேரத்திலேயே மேலே தோல் கட்டிவிடும். இரண்டு பாதிகளையும் சேர்த்து, வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் விழாமல் பிடித்து, நட் எல்லாவற்றையும் வரிசையாக இறுக்கி முடிக்க எடுக்கும் நேரத்துக்கு அது காத்திருக்காது. பாதி இறுகிய பசையை நசுக்கினால் அது ஒட்டாது, கிழியும். அதைவிட மோசமானது உள்பக்கம் பிதுங்குவது. வெளியே பிதுங்குவதைத் துணியால் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? நான் பார்த்த ஒரு என்ஜினில் அடித்தட்டைக் கழற்றியபோது, ஒயில் வடியின் கம்பி வலையில் நீல நிறச் சிலிக்கன் துண்டுகள் இடியப்பத் துணுக்குகள்போல ஒட்டிக் கிடந்தன. ஒயில் பம்ப் உறிஞ்சுவது அந்த வலைக்குள்ளால்தான்.

இரண்டாவது, பெர்மாடெக்ஸ் ஏவியேஷன் வகை. கடும் மண்ணிறத்தில், மூடியோடு சேர்ந்த தூரிகையுடன் சின்னப் போத்தலில் வரும். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டும்வரை விட்டு, பிறகு சேர்க்க வேண்டும். அது முழுதாக இறுகுவதே இல்லை. மூட்டு விரிந்து சுருங்கும்போது கூடவே போகும். வேலை நடுவில் மின்சாரம் நின்றால்கூடப் பதறத் தேவையில்லை. குறை என்னவென்றால், கையிலும் சேட்டிலும் பட்டால் லேசில் போகாது, ஸ்பிரிட் வேண்டும். கீறல் விழுந்த முகத்தையும் அது நிரப்பாது.

மூன்றாவது, லொக்டைட் 518 போன்ற காற்றில்லாமல் இறுகும் ரகம். இரண்டு உலோகத்துக்கு நடுவில் அகப்பட்டது இறுகும். காற்றுப் படும் இடத்தில் பிதுங்கியது திரவமாகவே இருந்து ஒயிலோடு கழுவப்பட்டுப் போகும். வடி அடைபடும் பயம் இல்லை. வேதியியலாகப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் கெட்டிக்காரன். ஆனால் முகம் தட்டையாகவும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லாமலும் இருக்க வேண்டும். ஐம்பது வருஷம் அடிவாங்கிய பெட்டியில் அப்படியொரு முகம் கிடைப்பது அதிர்ஷ்டம். விலையும் கடிக்கும்.

என்னுடைய தேர்வு மண்ணிறப் போத்தல்தான். லேத்தில் கொடுத்துச் சீர்செய்த பெட்டி, சுத்தமான மேசை, அவசரமில்லாத ஆள் என்றால் மட்டும் 518. சிலிக்கன் இந்த மூட்டுக்கு வேண்டவே வேண்டாம். எதைப் பூசினாலும் முகத்தை உளியால் சுரண்டாதீர்கள். மக்னீசியம் மெது, ஒரு கீறலே கசிவுக்குப் போதும். இரண்டு பாதிகளையும் சேர்க்கும் பெரிய 12 மில்லிமீற்றர் ஸ்டட் ஆறுக்கும் இறுக்கும் அளவு 25 அடி-இறாத்தல், சின்ன 8 மில்லிமீற்றருக்கு 14. "கை அளவு தெரியும் தம்பி" என்று சொல்கிற பாஸிடம், மரியாதையாக, அளவு காட்டி இறுக்கும் டோர்க் ரென்ச்சை நீட்டுங்கள்.

அடுத்த பெரிய கசிவு, வால்வைத் தள்ளும் கம்பிகள் (புஷ்ரொட்) ஓடும் குழாய்கள். எட்டுக் குழாய், சிலிண்டருக்குக் கீழே தொங்கும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஒயில் திரும்பி வரும் வழியும் அதுவே. நிலாவெளி வீதியில் ஓடும் காருக்கு உப்புக்காற்றில் இவை ஊசித்துளையாகத் துருப்பிடிக்கும். கம்பனி ரகம் ஒரே துண்டு இரும்பு, இரு முனையிலும் மடிப்பு. பூட்டுமுன் மடிப்பை மெதுவாக இழுத்து நீளத்தை 190 முதல் 191 மில்லிமீற்றருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சீலை அழுத்தாது. ஒட்டுக்கோடு மேல்பக்கம் பார்க்க வேண்டும். போட்டிக்கு வருவது ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டு அலுமினியக் குழாய். ஹெட்டைக் கழற்றாமல், வால்வை அழுத்தும் ரொக்கரையும் புஷ்ரொட்டையும் மட்டும் எடுத்துவிட்டு மாற்றலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நடு மூட்டில் இன்னொரு சீல். கசிய இன்னொரு இடம். முழு என்ஜினும் பிரிந்து கிடக்கும்போது அந்த வசதியால் பயனில்லை, ஒரே துண்டையே போடுங்கள். அவசரத்துக்கு ஒரு ஜோடி அலுமினியம் வீட்டில் இருக்கட்டும்.

வால்வ் மூடிக்குத் தக்கைக் காஸ்கட் போதும். மூடிப் பக்கம் மட்டும் ஒட்டி, ஹெட் பக்கம் கொஞ்சம் கிரீஸ். வால்வ் இடைவெளி பார்க்க அடிக்கடி திறக்கிற இடம், இரு பக்கமும் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் சுரண்ட வேண்டும். போல்ற் வைத்த அலுமினிய மூடி பளபளக்கும். கம்பிக் கொக்கி வைத்த பழைய தகர மூடிதான் கசியாது. அடித்தட்டின் சின்ன நட்டுகளுக்கு 5 அடி-இறாத்தலே அளவு. அதிகம் இறுக்கினால் தட்டு வளையும், பிறகு எந்தப் பசையும் காப்பாற்றாது.

பெல்ட் ஓடும் புல்லிப் பக்கம் பீட்டிலுக்கு ஒயில் சீலே இல்லை. ஒரு தட்டு ஒயிலை வீசியெறியும், புல்லியில் வெட்டிய திருகுப் பள்ளம் மிச்சத்தை உள்ளே தள்ளும். பெட்டியைக் கடைந்து அங்கே சீல் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கடற்கரை மணலில் ஓட்டுகிறவருக்கு அது சரி. டொக்யார்ட் வீதியில் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை. அங்கே ஒயில் வந்தால் முதலில் என்ஜினை ஐடிலில் சும்மா ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்து உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. அதற்கு மருந்து வளையம், சீல் இல்லை.

மறுபக்கம், கியர்பொக்ஸை ஒட்டிய ஃப்ளைவீல் சீலுக்குக் கறுப்பு ரப்பரா, சிவப்புச் சிலிக்கனா என்றால் சிவப்பு சூட்டை நன்றாகத் தாங்கும், வாங்கலாம். ஆனால் கிராங்கின் முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் இல்லையென்றால் எந்த நிறச் சீலும் நிற்காது. சீலை மாற்றுமுன் சொட்டுவதை மணந்தும் பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர்பொக்ஸ் ஒயில், என்ஜினை இறக்கியவர் மேல் குற்றமில்லை.