கார்ப்புரேட்டரைக் கழற்றி ஐந்து ஆண்டுகள்

இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்ப்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு என் பழைய வண்டியை மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. குளிரில் இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழ் டேஷ்போர்டில் இன்னும் இருக்கிறது. இழுத்தால் அரை அங்குலம் வெளியே வரும். மறுமுனையில் எதுவும் இல்லை. கழற்றினால் ஓட்டை தெரியுமே என்று விட்டுவைத்தேன். குளிர்ந்த காலைகளில் கை தன்னால் அங்கே போவது நிற்க ஓர் ஆண்டு பிடித்தது.

வண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். நான்கு சக்கர இயக்கம், ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சமதரையில் அதன் கார்ப்புரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சரிவில்தான் தகராறு. கார்ப்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம். அதில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. வண்டி சாய்ந்தால் பெட்ரோலும் சாயும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பெட்ரோலை விடும் சிறு துளையான ஜெட் வறளும். இன்னொரு பக்கமாகச் சாய்ந்தால் பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் இறங்கும். பாறை ஏற்றத்தின் நடுவில், முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கும்போது, இன்ஜின் அணைந்து பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும் அனுபவம் எனக்கு மூன்று முறை வாய்த்தது. இன்ஜின் நின்ற பிறகு, மிதிக்கு வலு கூட்டும் பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் தெம்பு இருக்கும். மூன்றாவது முறை பின்னோக்கி உருண்ட தூரத்தை வீட்டில் நான் சொல்லவில்லை.

ஜீப் ராங்லர் 1991-லேயே 4.2 லிட்டர் கார்ப்புரேட்டர் இன்ஜினை விட்டுவிட்டு, இன்ஜெக்‌ஷன் கொண்ட 4.0 லிட்டர் இன்ஜினுக்கு மாறிவிட்டது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தாமதமாக வந்து சேர்ந்தேன்.

நான் வாங்கியது த்ராட்டில் பாடி வகை இன்ஜெக்‌ஷன்; காற்று நுழையும் வாயிலேயே பெட்ரோலையும் பீய்ச்சிவிடும். கார்ப்புரேட்டர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே ஏர் ஃபில்டருக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். சைலன்சர் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார். அது தரும் அளவைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, தானே கற்றுக்கொள்கிறது. "ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்" என்றார்கள். த்ராட்டில் பாடியைப் பொருத்த உண்மையில் இரண்டு மணி நேரம்தான் ஆனது. மீதி வேலை முடிய நான்கு மாதம்.

பழைய இன்ஜினின் பம்ப் தருவது சுமார் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். புதியதற்கு 58 வேண்டும். ஆகவே டேங்கிலிருந்து இன்ஜின் வரை பழைய ரப்பர் ஹோஸ் எதையும் விட்டுவைக்கக் கூடாது. இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸ், ரப்பரை அறுக்காத வகைக் கிளிப், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர், பின்னால் இன்னொன்று, மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு தனிக் குழாய். இதில் சிக்கனம் பார்த்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். டேங்குக்குள் நாற்பது ஆண்டுத் துருவும் படிந்திருந்தது. மிதவைக் கிண்ணத்தின் அடியில் படிந்து சாதுவாகக் கிடந்த அந்தத் துரு, முதல் மாதத்திலேயே இரண்டு ஃபில்டர்களை அடைத்தது. டேங்கை இறக்கிக் கழுவிய பிறகுதான் நிம்மதி.

எல்லாம் முடிந்து அதே பாறை ஏற்றத்துக்குப் போனேன். பாதி வழியில் இன்ஜின் அணைந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காரணம் எளியது. டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல். சரிவில் அது பின்னால் ஒதுங்க, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நின்றது. கார்ப்புரேட்டராக இருந்தால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் சில நொடிகளுக்குத் தாங்கியிருக்கும். இன்ஜெக்‌ஷனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பம்ப் காற்றை விழுங்கிய மறுகணமே இன்ஜின் இருமுகிறது.

இதற்குத் தீர்வாக ஒன்றரை லிட்டர் கொள்ளும் சிறு டேங்க் ஒன்றை இடையில் வைத்தேன். பெரிய டேங்கிலிருந்து குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று இதை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்கும். இதன் அடியிலிருந்து பெரிய பம்ப் இழுக்கும். மிஞ்சுவது முதலில் இதற்குள் திரும்பி, வழிவது பெரிய டேங்குக்குப் போகும். அதன் பிறகு இந்த ஐந்து ஆண்டில் சரிவில் ஒருமுறைகூட அணையவில்லை. மாற்றப் போகிறவர்கள் இந்தச் சிறு டேங்கை முதல் நாளே வையுங்கள்.

அடுத்த தலைவலி மைலேஜ். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஐந்துக்கு இறங்கியது. பிளக்கெல்லாம் கரி. சென்சாரைச் சந்தேகித்தேன், ஒயரிங்கைச் சந்தேகித்தேன், கம்ப்யூட்டரையே மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். என் மெக்கானிக் அண்ணன் திரையில் ஓடிய எண்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இன்ஜின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டவே இல்லையே" என்றார். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் உறையைத் திறந்தால் உள்ளே காலி. இன்ஜின் சூடேறக் கூடாது என்று முந்தைய உரிமையாளர் யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். இன்ஜின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர், நாள் முழுவதும் சோக் போட்டதுபோலப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது. எழுபது டிகிரிக்குக் கீழே அது கற்கவும் தொடங்காது. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டேன். இரண்டு வாரத்தில் மைலேஜ் ஆறரையைத் தொட்டது, இன்றும் அதே அளவுதான். பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம்.

இன்ஜினிலிருந்து புகையைச் சைலன்சர் குழாய்க்குச் சேர்க்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் மயிரிழை கசிவு இருந்தபோதும் இதே கதைதான். கசிவு வழியே உள்ளே போன வெளிக்காற்றைச் சென்சார் முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொன்னது. கார்ப்புரேட்டர் இத்தனை ஆண்டுகளாக இந்த நோய்களை எல்லாம் சகித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இது சகிப்பதில்லை.

மின்சார வேலைக்கும் அதே கறார் வேண்டும். கம்ப்யூட்டருக்கான இரு ஒயர்களும் நேராக பேட்டரிக்கே போக வேண்டும். பாடியில் துருப்பிடித்த ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள். மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் வகை பிளக்கும் ஒயரும் கட்டாயம். பழைய ஒயர்கள் எழுப்பிய மின் இரைச்சலில், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் என் டேக்கோமீட்டர், நின்றுகொண்டிருந்த வண்டிக்கு ஐயாயிரம் ஆர்பிஎம் காட்டியது.

கிடைத்தது என்ன? சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு நொடி முனகும். அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், எந்தக் குளிரிலும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான். முன்பு அங்கே கரும்புகை கக்கிக்கொண்டு மூச்சுவாங்கிய வண்டி, இப்போது வலு குறைந்தாலும் சீராக ஏறுகிறது. தாழ்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஐடிலிங்கிலேயே பாறை மேல் ஊர்வது தனிச் சுகம்.

இழந்ததும் உண்டு. முன்பு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எங்கிருந்தும் வீடு திரும்பலாம். இப்போது பம்ப் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நான்காம் ஆண்டில் அப்படித்தான் போனது. சீட்டுக்கு அடியில் உபரிப் பம்ப் இருந்ததால் நாற்பது நிமிடத்தில் கிளம்பினேன். அதனுடன் ஒரு ரிலே, ஃபியூஸ்கள், வெப்பச் சென்சார் ஒன்று. இந்தப் பெட்டி இல்லாமல் நான் காட்டுப் பாதையில் இறங்குவதில்லை. கேஸ்கெட் வேலைக்குச் சிலிகோன் பசையைத் தாராளமாகத் தடவும் பழக்கத்தையும் விட்டேன். ஆக்ஸிஜன் சென்சாருக்கு அது நஞ்சு.

ஒரே ஒரு குறை இன்னும் தீரவில்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இருபது நிமிடம் நிறுத்தி மறுபடி எடுத்தால், கொதிக்கும் மேனிஃபோல்ட் மேல் உட்கார்ந்திருக்கும் த்ராட்டில் பாடி அரை நிமிடம் தடுமாறுகிறது. பானட்டைத் திறந்து வைத்தால் தடுமாற்றம் குறைகிறது. அதனால் டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் எல்லாம் என் வண்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள், "பழைய வண்டி பாவம், கெட்டுப்போய்விட்டது" என்று உதவிக்கு வருகிறார்கள்.