மதுரை அரவிந்தில் கண்புரை ஆபரேஷன்: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அண்ணா நகர் அரவிந்துக்கு முதல்முறை போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்தே மிரண்டுவிடுவார்கள். ஆனால் கூட்டத்தை நகர்த்தத் தெரிந்த ஆஸ்பத்திரி அது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கியது. இன்று தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று பரவியிருக்கிறது. காசு கட்டுகிறவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் இலவசப் பிரிவும் ஓடுகிறது. கணக்கு கட்டுப்படியாவதற்குக் காரணம் வேலைப் பிரிவினை. டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்பதை மட்டும் டாக்டர் செய்கிறார். பார்வை சோதிப்பது, கண் பிரஷர் பார்ப்பது, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் அளப்பது எல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். தியேட்டரிலும் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை; ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவர் தயாராக இருப்பார்.

இதனால் டாக்டர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. விலாவாரியாகக் கேட்க வேண்டியதை, நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே இருக்கும் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

சோதனைக்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டக் கூடாது. சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாமே கையில் இருக்கட்டும். முக்கியமாக, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்கள். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த மாத்திரையால் கருவிழித் திரை தொளதொளவென்று ஆகி, ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கும். முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கேற்பத் தயாராவார்.

லென்ஸ் பவர் அளக்கும்போது ஆடாமல் உட்காருங்கள். கண்ணின் நீளம் 1 மி.மீ. பிசகினால் பவர் கிட்டத்தட்ட 3 மாறிவிடும். நல்ல ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணாடி துரத்தும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுவிட்டுத்தான் அளக்க வர வேண்டும்.

எந்த லென்ஸ்? பெரும்பாலோருக்கு ஒரே தூரத்துக்கான மோனோஃபோகலே போதும் என்பது எங்கள் கருத்து: தூரம் தெளிவு, படிக்கக் கண்ணாடி. பல தூரத்துக்கான மல்டிஃபோகலில் கண்ணாடித் தேவை குறையும்; ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். ராத்திரி வண்டி ஓட்டுபவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். விலை குறைந்த லென்ஸ் மட்டம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்குத் தரமான லென்ஸ் கொடுத்த நிறுவனம் இது.

ஆபரேஷன் முடிந்ததும் சொட்டு மருந்தை அட்டவணைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தப்பு. வலி கூடி, கண் சிவந்து, தெரிந்த பார்வை மங்கினால் ரிவ்யூ தேதிக்குக் காத்திராமல் அன்றே ஓடுங்கள், அது தொற்றாக இருக்கலாம். மாதங்கள் கழித்து மெல்ல மங்கினால் புரை திரும்பவில்லை. பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு தடித்திருக்கும். யாக் லேசரில் சில நிமிட வேலை.

கண்ணாடி மாற்றவோ வெறும் சோதனைக்கோ மதுரை வரை அலைய வேண்டாம். பல ஊர்களில் அவர்களுடைய விஷன் சென்டர் இருக்கிறது. அங்கே சோதித்து, டாக்டரை வீடியோவில் பேச வைப்பார்கள். ஆபரேஷன் தேவை என்றால் அங்கிருந்தே எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.