ஏழு வருட சோலார்: விசுவமடு வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கணக்கு

2025 மே மாதத்தோடு, மின்சார சபைக்கு நான் விற்கும் சோலார் யூனிட்டின் விலை 22 ரூபாவிலிருந்து 15 ரூபா 50 சதமாக இறங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். முதல் ஏழு வருடம் 22, மீதிப் பதின்மூன்று வருடமும் 15.50 என்று 2018 இல் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. சோலார் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுவரை வாயால் சொல்லிவந்தேன். ஏழு வருடக் கணக்கு கையில் இருக்கும்போது எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

2016 செப்டெம்பரில் இலங்கை அரசு தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற கூரை சோலார் திட்டத்தில் அன்று மூன்று வழிகள் இருந்தன. நெட் மீற்றரிங்கில் மிஞ்சுகிற யூனிட் கணக்கில் வரவாக நிற்கும், காசு வராது. நெட் அக்கவுண்டிங்கில் நாம் பாவித்ததைக் கழித்து மிச்சத்துக்குக் காசு தருவார்கள். நெட் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவிப்பதற்கு வேறாக பில் கட்ட வேண்டும். நான் எடுத்தது இரண்டாவது. 5 கிலோவாற், செலவு ஒன்பதரை லட்சம். இரண்டரை லட்சம் கையிலிருந்து போட்டேன், ஏழு லட்சம் வங்கிக் கடன். தவணை மாதம் 11,000 ரூபாவை ஒட்டி வந்தது.

கொம்பனிக்காரர் மாதம் 700 யூனிட் வரும் என்றார். ஒரு மாதம்கூட வரவில்லை. நான் கொப்பியில் எழுதிவந்தபடி, சராசரி 580. பங்குனி, சித்திரையில் 650 வரை போகும். கார்த்திகை, மார்கழி மழையில் 400 க்குக் கீழே வந்துவிடும். வன்னியில் மாரி என்றால் வானம் நாட்கணக்காக மூடிக் கிடக்கும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். வருட முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல் நல்ல மாதத்துக் கணக்கைக் காட்டி விற்றால் நம்பிவிடாதீர்கள். வீட்டுப் பாவனை போக மாதம் சுமார் 460 யூனிட் விற்றேன். பத்தாயிரத்துச் சொச்சம் வந்தது. தவணைக்குக் கொஞ்சம் காணாது, ஆனால் மின்சார பில்லும் இல்லை. ஏழு வருடத்தில் கடன் முடிந்தது. இனி வரும் 15.50 சின்ன விலைதான் என்றாலும் முழுவதும் வீட்டுக்கு. அந்த வகையில் எனக்கு நட்டமில்லை.

2022 இல் ரூபா விழுந்தபோது எங்கள் 22 ரூபாவின் பெறுமதியும் விழுந்தது. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 ரூபா என்று விலை வைத்தார்கள். பிறகு அதையும் குறைத்தார்கள். பழைய ஆட்களுக்கு மாற்றமில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் கடன் தவணையும் பழைய ரூபாவிலேயே நின்றதால் தப்பினேன். நாளைக்குப் போடுகிறவர்கள், இருபது வருடத்துக்கு மாறாத விலை என்றால் என்ன என்பதை இரண்டு பக்கமும் யோசித்துக் கையெழுத்து வையுங்கள்.

அந்த 2022 தான் எனக்கு இன்னொன்றையும் படிப்பித்தது. மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வெயில் கொளுத்துகிறது, கூரையில் 5 கிலோவாற் நிற்கிறது, வீட்டுக்குள் விசிறி சுற்றவில்லை. பக்கத்து வீட்டு ஐயா வந்து, "தம்பி, மேல இவ்வளவு தகடு வைச்சிருக்கிறாய், ஏன் உனக்கும் கரண்ட் இல்லை?" என்று கேட்டார். லைனில் கரண்ட் நின்றால், தகட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இந்த வகை இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவரின் கையில் என் கரண்ட் பாயும். சரியான காரணம்தான். ஆனால் இதை எனக்கு விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. லைன் நின்றாலும் வேலை செய்ய வேண்டுமானால் பற்றரியும் அதற்கான ஹைபிரிட் இன்வேட்டரும் வேண்டும், அதன் விலை வேறு. இடப்பெயர்வுக் காலமெல்லாம் குப்பி விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். 2009 க்குப் பிறகு கம்பமும் கம்பியும் வந்தபோது பட்ட சந்தோசம் சொல்லி முடியாது. கூரையில் தகடு ஏறியதும், இனி இருட்டே இல்லை என்று உண்மையாக நம்பியிருந்தேன்.

அடுத்தது வோல்ற்றேஜ். விசுவமடு மாதிரி இடங்களில் ட்ரான்ஸ்போமரிலிருந்து வீட்டுக்கு லைன் நீளம். எங்கள் லைனில் 2021 அளவில் மூன்று வீட்டுக் கூரையில் சோலார் வந்துவிட்டது. மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் உற்பத்தி உச்சத்தில் இருக்கும், பாவனையோ ஒன்றுமில்லை, ஆட்கள் வயலிலும் வேலையிலும். கரண்ட் எதிர்ப்பக்கமாக ஓடுவதால் வோல்ற்றேஜ் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் இன்வேட்டர் 255 காட்டிவிட்டு நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் திரும்பத் தொடங்கும், மறுபடி நிற்கும். நல்ல வெயில் நாளில்தான் இது நடக்கும் என்பது பெரிய கவலை. அதே லைனில் இரவு ஏழு மணிக்கு 205 தான் இருக்கும்.

பல தடவை கூப்பிட்ட பிறகு வேறொரு எலெக்ட்ரீசியன் வந்து பார்த்தார். இன்வேட்டரிலிருந்து மீற்றர் வரைக்கும் முப்பது மீற்றருக்கு மேல் மெல்லிய வயர் போட்டிருந்தார்கள். அந்த வயரிலேயே நாலைந்து வோல்ற் ஏறிக்கொண்டிருந்தது. தடித்த வயர் மாற்றியதும் முக்கால்வாசிப் பிரச்சினை போய்விட்டது. மிச்சத்துக்கு நான் செய்தது, தண்ணீர் மோட்டரையும் உடுப்புத் தோய்க்கிற மெசினையும் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் போடுவது. மதியத்தில் வீட்டுக்குள்ளேயே எரிகிற யூனிட் லைனுக்குப் போகாது, வோல்ற்றேஜும் இறங்கும். சோலார் போடப் போகிறவர்கள் தகட்டின் பிராண்டை விசாரிப்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: ட்ரான்ஸ்போமர் எவ்வளவு தூரம், அதில் ஏற்கெனவே எத்தனை வீட்டில் சோலார்.

வீட்டு மட்டத்தில் பார்த்த இதையே நாட்டு அளவில் 2025 இல் பார்த்தோம். பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டது என்றார்கள். ஆனால் பாவனை குறைந்த ஞாயிறு மதியத்தில் சோலார் நிறைய ஓடியதால் அந்த அடியைத் தாங்க முடியாத நிலை இருந்தது என்பதும் வெளியில் வந்தது. சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், 13 ஆம் திகதி முதல் 21 வரை தினமும் பிற்பகல் 3 மணி வரை கூரை சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. நான் நிறுத்தினேன். வருமானம் போனது உண்மை. இருந்தாலும் லைன் விழுந்தால் எல்லார் வீடும் இருட்டு.

இங்கேதான் இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு இருக்கிற முக்கியமான எண்ணம். நாட்டில் மின்சாரம் மிகவும் தேவைப்படுவது பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த நேரத்துக்குத்தான் விலை கூடிய எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கிறது. என் கூரை அந்த நேரத்தில் தூங்குகிறது. மதியத்தில் நான் கொடுக்கிற யூனிட்டுக்கு ஏழு வருடம் 22 ரூபா கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு நான் எரிக்காமல் விட்ட யூனிட்டுக்கும் கணக்கில் அதே விலைதான், ஒரு சதமும் கூடுதல் இல்லை. நாட்டுக்கு எது பெறுமதி என்று கேட்டால் இரண்டாவதுதான். 2025 இல், பற்றரியில் சேர்த்து உச்ச நேரத்தில் தருகிறவர்களுக்குக் கூடிய விலை அறிவித்தார்கள். நல்லது, சரியான திசை. பாவனையைக் குறைக்கிற பக்கத்துக்கும் அதே அக்கறை வர வேண்டும்.

நான் குறைத்த கதையைச் சொல்கிறேன். சோலார் போட்ட முதல் வருடம், காசு வருகிறதுதானே என்று பாவனை 165 யூனிட் வரை ஏறியிருந்தது. இப்போது 100. முதல் வேலை, படுக்கப் போகும்போதும் விடிய எழும்பியதும் மீற்றரில் லைனிலிருந்து வீட்டுக்குள் எடுத்த யூனிட்டைக் காட்டும் எண்ணைக் குறித்ததுதான். இரவில் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டும் ஓடுகிற வீட்டில் எட்டு மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட இரண்டரை யூனிட் போயிருந்தது. அப்போதுதான் கண் திறந்தது. பெட்டியின் கதவு ரப்பர் விறைத்துப் போயிருந்தது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றது. ரப்பரை மாற்றி, பெட்டியை இடம் மாற்றி, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டதில் மாதம் 18 யூனிட் போல மிச்சம். இரண்டு விசிறியை 75 வாற்றிலிருந்து 30 வாற் வரை எடுக்கும் புது வகைக்கு மாற்றியதில் இன்னும் இருபதுக்கு மேல். தண்ணீர் மோட்டரில், கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் ஒழுகியதால் தாங்கி நிரம்ப ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது, இப்போது ஒரு மணித்தியாலமும் இல்லை. மிச்சம் எல்ஈடி பல்ப். எல்லாம் சேர்ந்து சோலாருக்குப் போட்ட காசில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

இது என் வீட்டை விட அக்காவின் வீட்டில் கூடப் பிரயோசனப்பட்டது. அவவுக்கு சோலார் கிடையாது, போடவும் வழியில்லை. காணிக்கு இருப்பது அரசு தந்த உத்தரவுப்பத்திரம், சொந்தம் என்று காட்டும் உறுதி அல்ல. கடனுக்குப் போனால் வங்கியில் முதலில் கேட்பது உறுதியைத்தான். வன்னியில் நிறையக் குடும்பங்களின் நிலை இதுதானே. வீட்டுத்திட்டக் கூரைகள் வெயிலில் சும்மா காய்கின்றன. அவவின் பில் 78 யூனிட் வந்துகொண்டிருந்தது. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 60 யூனிட் ஒரு வேலி. அதைத் தாண்டினால் மேலே போன 18 க்கு மட்டுமல்ல, முதல் 60 க்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் கூடும். இரண்டு பழைய ட்யூப் லைட்டை மாற்றினோம், பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து ரப்பர் மாற்றினோம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை நாளுக்கொரு தடவை அல்லாமல் ஞாயிறில் ஒன்றாக அயர்ன் பண்ணச் சொன்னேன். ஐயாயிரம் ரூபாவும் முடியவில்லை. அடுத்த மாதம் 54. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ர வீட்டுப் பில் தானோ?" என்று இரண்டு தடவை கேட்டா. இந்த வேலையை வீடு வீடாகச் செய்ய ஒரு பொறுப்பான ஆளும் கொஞ்சம் உபகரணமும் போதும். சுத்தமான சக்தி என்று பேசும்போது இந்த வீடுகள் கணக்கில் வர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

பெரிய திட்டங்களையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் மன்னாரில் திறந்த தம்பபவனி காற்றாலை 30 விசிறிகள், 103.5 மெகாவாற். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் அது இரவிலும் சுற்றுகிறது. சோலாருக்கு இல்லாத குணம் அது, அதனால் எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் புதிய காற்றாலைகளுக்கு எதிராக 2025 இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கியதையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது தங்கள் மண்ணையும் வெள்ளம் வடியும் வழியையும் பற்றி.

பராமரிப்பில் சில விசயம். கச்சான் காலத்தில் சிவப்புத் தூசி படிந்து உற்பத்தி குறையும், விடியற்காலையில் தகடு சூடேறும் முன் கழுவுங்கள். மயில் ஏறி இருக்கும் வீடுகளில் எச்சம் காய்ந்துவிடும், அது மழையில் போகாது. அணில் ஒரு தடவை வயரைக் கடித்து ஒன்பது நாள் உற்பத்தி போனது, இப்போது வயர் பைப்புக்குள் ஓடுகிறது. இன்வேட்டரை நெஞ்சளவு உயரத்தில் மாட்டச் சொல்லி அடம்பிடித்தேன். சோலார் போட்ட 2018 டிசம்பரிலேயே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது, இன்வேட்டர் தப்பியது.

இனித் தகடு கூட்டும் எண்ணம் இல்லை. அடுத்ததாகக் காசு சேர்ப்பது பற்றரிக்கு. அதற்கு முன்னே மாமி வீட்டு மோட்டரின் ஃபுட் வால்வை வருகிற சனிக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும், அவவின் பில் 66 இல் நிற்கிறது.