மாநாட்டுக்கு ஜெனீவா போகிறீர்களா? போக்குவரத்து அட்டையைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

பொதுச் சுகாதாரத் துறையில் வேலை. அதனால் ஜெனீவாவுக்குக் கூட்டங்களுக்காகப் போய்வருவது பல ஆண்டுப் பழக்கமாகிவிட்டது. முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் விமானக் கட்டணத்தைப் பற்றித்தான். எங்கே தங்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த ஊரில் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது.

காரணம், ஜெனீவா போக்குவரத்து அட்டை. ஜெனீவா மாநிலத்துக்குள் ஹோட்டல், ஹாஸ்டல், முகாம் மைதானம் எதில் தங்கினாலும், தங்கும் நாள் முழுவதற்கும் இதை இலவசமாகத் தருகிறார்கள். ட்ராம், பஸ், மாநில எல்லைக்குள் ஓடும் ரயில், ஏரியைக் கடக்கும் மஞ்சள் படகு எல்லாமே இதில் அடக்கம். தனியாக வாங்கினால் ஒரு மணி நேர டிக்கெட் 3 பிராங்க். காலை, மதியம், மாலை என்று ஓடுகிறவருக்கு, அதுவும் தினப்படியை நம்பி வருகிறவருக்கு, இது பெரிய ஆறுதல்.

அட்டைக்கான இணைப்பு வருகைக்குச் சில நாள் முன்பே மின்னஞ்சலில் வரும். ஒரு முறை நான் தங்கிய விடுதி அனுப்பவேயில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுகிறேன். கையில் இருந்தால் விமான நிலையத்திலிருந்தே செலவில்லாமல் கிளம்பலாம். ரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது, தடம் அங்கே முடிவதால் எந்த ரயிலில் ஏறினாலும் நகர மையமான கோர்னவான் நிலையத்தைத் தொட்டுத்தான் போகும். ஏழு நிமிடப் பயணம். ட்ராமில் ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், ஆனால் திடீரென்று பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமையானது. அட்டை உங்கள் பெயரில் இருப்பதால் அடையாளச் சான்றும் கூடவே இருக்கட்டும்.

வாடகை குறைவு என்று பலர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் ஃபெர்னே-வோல்தேரிலோ அன்மாஸிலோ அறை எடுக்கிறார்கள். மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவையும் ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் நடக்கும்போது ஜெனீவா அறை வாடகை ஏறிவிடும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் லேமான் எக்ஸ்பிரஸ் ரயில் வந்தபிறகு அன்மாஸிலிருந்து வருவதும் சுலபம். ஆனால் பிரெஞ்சு ஹோட்டலில் இந்த அட்டை கிடையாது, தினமும் எல்லை தாண்டும் டிக்கெட் வாங்க வேண்டும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் பிரெஞ்சு சிம் ரோமிங் கட்டணமும் எகிறலாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு இன்னொரு சிக்கல்: அறை பிரான்சில், மாநாடு சுவிஸில் என்றால் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எந்தத் தூதரகத்தை அணுகுவது என்ற கேள்வி கிளம்பும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஜெனீவாவுக்குள் ஹாஸ்டல் படுக்கையே மேல் என்று நான் முடிவுகட்டி வெகுநாளாகிறது.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. கட்டணம் 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 59 மாதத்துக்குள் கைரேகை கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கேட்பதில்லை. செலவை யார் ஏற்கிறார்கள் என்பது அழைப்புக் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும்.

ஐ.நா.வின் பாலே தே நாசியோன் கட்டடத்தில் கூட்டம் என்றால், கோர்னவானிலிருந்து 15ஆம் எண் ட்ராமில் நாசியோன் நிறுத்தம் வரலாம். கால் ஒடிந்த பிரம்மாண்டமான மர நாற்காலி அங்கேதான் நிற்கிறது. எதிரே கொடிகள் வரிசையாகப் பறக்கும் வாயிலைப் பார்த்து அதுதான் வழி என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் நுழைவுச்சீட்டு வாங்குவது மேட்டில் உள்ள ப்ரென்யி வாயிலில், பஸ்ஸில் அப்பியா நிறுத்தம் அதற்குப் பக்கம். அசல் பாஸ்போர்ட் அவசியம். திங்கள் காலை வரிசை நீளும், முன்கூட்டியே போய்விடுங்கள். பாலெக்ஸ்போ அரங்கு என்றால் விமான நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். செர்ன் ஆய்வகத்துக்கு 18ஆம் எண் ட்ராம் கடைசி நிறுத்தம்வரை போகும்.

நம் ஊர் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்குள்ள பிளக்கில் பொருந்தும். மடிக்கணினியின் தடித்த மூன்று முள் பொருந்தாது, சுவிஸ் பிளக்குக்கான அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், காலிப் பாட்டில் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். கோர்னவானிலும் விமான நிலையத்திலும் உள்ள பல்பொருள் அங்காடிகள் திறந்திருக்கும், ஞாயிறு வந்திறங்குகிறவர்கள் அங்கேயே ரொட்டி, தயிர், பழம் வாங்கிக்கொள்வது நல்லது.

அட்டை ஊர் திரும்பும் நாளுக்கும் செல்லும். மாநாடு நடத்துகிறவர்கள் அழைப்புக் கடிதத்தோடு இந்த அட்டையைப் பற்றியும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள்.