பூனைகள் இருக்கும் வீட்டில் பாம்பு வளர்ப்பு: நீண்ட கால அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள், ஒரு கார்ன் ஸ்னேக், பால் பைத்தான் என்று பலரும் சொல்லும் ராயல் பைத்தான் ஒன்று. இருப்பது இங்கிலாந்தில். பூனைகள் முதலில் வந்தவை, பாம்புகள் பிறகு. பல வருஷங்களாக நான்கும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன, ஒன்றையொன்று தொட்டதே இல்லை. அந்த ஏற்பாட்டில் எது நிலைத்தது, எதை மாற்ற வேண்டி வந்தது என்பதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இந்த இரண்டு வகைக்கும் உரிமம் தேவையில்லை. விஷப் பாம்புகளுக்குத்தான் 1976ஆம் வருஷத்து ஆபத்தான வனவிலங்குகள் சட்டத்தின்படி உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவில் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு இனமான ராயல் பைத்தானும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், அங்கே வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி கிடையாது. இதைப் படித்துவிட்டு ஆசைப்படுபவர்கள் முதலில் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "பூனைக்கு ஏதாவது ஆயிடுமாப்பா?" என்பதுதான். "பூனைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பாம்பைத்தான் பத்திரமா பாத்துக்கணும்" என்றேன். உண்மை அதுதான். வளர்ந்த கார்ன் ஸ்னேக் ஒன்றரை மீட்டர் வரை போகும், ஆனால் விரல் பருமனைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ராயல் பைத்தான் பருமனானது, நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கைந்து கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையை இரண்டுமே இரையாகப் பார்க்க முடியாது. பர்மியப் பைத்தான், ரெட்டிகுலேட்டட் பைத்தான் போன்ற பெரிய இனங்களின் கதை வேறு. அவை பூனையை விழுங்கக்கூடியவை. பூனை உள்ள வீட்டுக்குள் அவற்றைக் கொண்டுவருவதை நான் எந்த ஏற்பாட்டோடும் ஆதரிக்க மாட்டேன். பிறந்த குட்டிகளோடு தாய்ப்பூனை இருக்கும் சமயத்தில் சிறிய பாம்பும் வெளியே வரக் கூடாது.

பூனையிடமிருந்து பாம்புக்கு வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வளைந்து நெளிந்து போகும் எதையும் பூனை பிடிக்கப் பார்க்கும், அது அதன் இயல்பு. விளையாட்டாக ஒரு கடி கடித்தாலும் ஊசி போன்ற பல் செதில்களுக்கு நடுவே ஆழமாக இறங்கிவிடும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே தங்கிவிடும். வெளியே காயம் மூடிக்கொண்டு, உள்ளே சீழ் பிடிக்கும். பாம்பு வலியைக் காட்டிக்கொள்ளாது. அதனால் பூனை பாம்பைக் கடித்தது என்று தெரிந்தால், ரத்தம் வராவிட்டாலும் அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையையும் பாம்பையும் ஒரே சோஃபாவில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

எங்கள் ஏற்பாட்டின் அடிப்படை ஒரு தனி அறை, அதற்கு ஒரு கதவு. இந்த ஊர்க் கதவுகளில் கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடிதான் அதிகம். எங்கள் பெரிய பூனை தாவித் தொங்கி அதைத் திறந்துவிடும். கைப்பிடியை எடுத்துவிட்டு உருண்டைப் பிடி போட்டோம். கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங் கீல், கதவுக்கு அடியில் இடைவெளியை அடைக்கும் பிரஷ் பட்டை. பிரஷ் பட்டை பூனைக்காக இல்லை. கார்ன் ஸ்னேக்கின் தலை நுழையும் இடத்தில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். தொட்டியிலிருந்து தப்பினாலும் அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்பதற்காக அது. இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய பொருட்களில் விலை குறைவாகவும் பயன் அதிகமாகவும் இருந்தவை இவை மூன்றும்தான்.

அடுத்தது தொட்டி. கார்ன் ஸ்னேக் எங்களிடம் வந்தபோது மேலே கம்பி வலை போட்ட கண்ணாடித் தொட்டியோடு வந்தது. பூனை உள்ள வீட்டுக்கு அந்த வகை சரிப்படாது என்பது என் தீர்மானமான கருத்து. பாம்பைப் பற்றிப் பூனைக்கு இருக்கும் ஆர்வம் சில வாரங்களில் குறைந்துவிடும், ஆனால் விளக்கிலிருந்து வரும் சூட்டின் மீதுள்ள ஆசை குறையவே குறையாது. குளிர்காலத்தில் கதவு திறந்த மறுநிமிடம் பூனை வலை மேல் ஏறிப் படுத்துவிடும். காற்றோட்டம் அடைபடும், வலை தொய்யும், முடி உள்ளே கொட்டும். விளக்கு வலைக்கு மேல் இருந்தால் பூனைக்குத் தீக்காயம்கூட ஏற்படலாம்.

அதனால் இரண்டு பாம்புகளுக்கும் மர விவேரியம், அதாவது மூடிய மரப்பெட்டித் தொட்டி, வாங்கினோம். 120 சென்டிமீட்டர் நீளம், 60 ஆழம், 60 உயரம், முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி. வெப்ப விளக்கு உள்ளேயே, கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். மேல்பலகை லேசாகத்தான் சூடாகும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோடு எல் வடிவ இரும்புப் பட்டையால் பிடித்துவிட்டோம். பூனை பாயும் வேகத்துக்கு அது அவசியம். மேலே ஒரு சாய்வுப் பலகை வைத்ததும் ஏறிப் படுக்கும் பழக்கம் நின்றது. இதோடு கூடத்தில் ரேடியேட்டரில் மாட்டும் பூனைப் படுக்கை ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பாம்பு அறைக் கதவுக்கு முன்னால் காத்திருப்பது அதற்கப்புறம் பெருமளவு குறைந்துவிட்டது. பூனைக்கு வேண்டியது சூடு என்றால் அதை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

நகர்த்தும் கண்ணாடிக்குப் பூட்டு வேண்டும். பாம்பு உள்ளிருந்து மூக்கால் தள்ளும், பூனை வெளியிலிருந்து பாதத்தால் இழுக்கும். விவேரியத்தோடு வந்த பல்சக்கரப் பூட்டு முதல் இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. பிறகு பற்கள் தேய்ந்து, பூட்டியபடியே வழுக்க ஆரம்பித்தது. இப்போது இரண்டு கண்ணாடிக்கும் நடுவே செருகும் ரப்பர் ஆப்பும், ஒரு நல்ல சாவிப் பூட்டும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். ஆப்பை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தெர்மோஸ்டாட் வாங்குங்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பூனை உள்ள வீட்டில் அதன் உணர்முனை வயர்தான் மிக முக்கியம். அந்த முனை தொட்டிக்குள் இருந்து சூட்டைப் பார்த்துச் சொல்ல, தெர்மோஸ்டாட் விளக்கைக் கூட்டிக் குறைக்கிறது. வெளியே தொங்கும் வயரைப் பூனை இழுத்து முனை தரையில் விழுந்துவிட்டால், அது குளிர்ந்த அறையின் சூட்டைத்தான் சொல்லும். தெர்மோஸ்டாட் இன்னும் சூடு வேண்டும் என்று நினைத்து விளக்கை முழு வேகத்தில் எரியவிடும். உள்ளே பாம்பு வெந்துபோகும். ஆகவே எல்லா வயரும் பிளாஸ்டிக் குழாய்க்குள் போக வேண்டும், முனை உள்பக்கம் திருகு கிளிப்பில் அசையாமல் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அலாரம் அடிக்கும் தெர்மோஸ்டாட்டுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாம். எங்களிடம் ராயல் பைத்தானுக்குச் சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. கார்ன் ஸ்னேக்குக்கு 30, 23. தெர்மோஸ்டாட்டை நம்பி விட்டுவிடாமல் தனி வெப்பமானியிலும் தினமும் பார்க்கிறேன்.

பாம்புக்கு இமை கிடையாது, வெளிக்காதும் கிடையாது. ஆனால் அதிர்வு நன்றாகத் தெரியும். பூனை பக்கத்தில் குதித்தாலே அதற்குத் தெரிந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டை விலங்கு மணிக்கணக்காக உட்கார்ந்து முறைத்தால் பாம்பு பொந்தை விட்டு வெளியே வராது, சாப்பிடாது. ராயல் பைத்தான் குளிர்காலத்தில் இயல்பாகவே வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் இனம், அதனால் காரணம் பூனையா பருவமா என்று குழப்பம் வரும். எடையைக் குறித்து வைப்பதுதான் வழி. சாப்பிடாவிட்டாலும் எடை நிலையாக இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பனிப்படல ஸ்டிக்கர் ஒட்டியதும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இறுக்கமான இரண்டு பொந்துகள் வைத்ததும் ராயல் பைத்தானிடம் நல்ல மாற்றத்தைக் கொடுத்தன.

தீனி நாளில் ஒழுங்கு இன்னும் கறாராக இருக்கும். உறைய வைத்த எலியை ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட்டு, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்குவேன். அந்த வாசனைக்கு இரண்டு பூனைகளும் வந்துவிடும், அதனால் வெந்நீர் வாளியும் பாம்பு அறையிலேயேதான். பூனையைத் தடவிய கையோடு தொட்டிக்குள் கை வைக்கவே கூடாது. பாம்பு நாக்கை நீட்டி வாசனையை எடுத்து இரையை அறிகிறது, பாலூட்டியின் வாசனை வந்தால் கையைக் கடித்துவிடும். முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பின்னே கழுவுவது சால்மொனெல்லா பாக்டீரியாவுக்காக. பாம்பின் கழிவில் அது இருக்கலாம், மனிதர்களுக்கும் பூனைகளுக்கும் தொற்றலாம். தொட்டிச் சாமான்களை எங்கள் சமையலறை சிங்க்கில் கழுவுவதே இல்லை. 5 வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் பயப்படுவது மருந்துகளைப் பற்றித்தான். பாம்புக்குப் பேன் (மைட் என்னும் சிற்றுண்ணி) வந்தால் தொட்டிக்கு அடிக்கும் ஸ்பிரேக்களில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு விடும் தெள்ளுப்பூச்சி சொட்டு மருந்துகள் சிலவற்றிலும் அது உண்டு. பூனையின் ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு வந்து இறந்தே போகலாம். எங்கள் வீட்டுக்குள் பெர்மெத்ரின் உள்ள எதுவும் வராது. பேன் மருந்து வாங்குவதற்கு முன் வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன். மறுபக்கமும் உண்டு: பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து விட்ட அன்றைக்கு நான் பாம்பைத் தொடுவதில்லை, அந்த அறையில் எந்தப் பூச்சி ஸ்பிரேயும் அடிப்பதில்லை. பூனை மலப்பெட்டிக்கு விற்கும் பைன் மரத்தூளைப் பாம்புக்குப் போட்டுவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். சீடர் மரத்தூள் பாம்புக்கு நஞ்சு, பைனையும் தவிர்ப்பதே நல்லது. கார்ன் ஸ்னேக்குக்கு ஆஸ்பென் மரத்தூள் நன்றாக ஒத்துக்கொள்கிறது.

பாம்பு தப்பினால் முதல் வேலை பூனைகளை வேறு அறையில் அடைப்பது, தேடுவது அப்புறம். ரேடியேட்டர் பின்புறம், அலமாரி அடி, ஷூவுக்குள், சூடான மின் சாதனங்களின் பக்கம் என்று பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தால் பெரும்பாலும் தானே வெளியே வரும்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால், பாம்பு வாங்குவதற்கு முன்பே தொட்டியை அறையில் வைத்து, விளக்கைப் போட்டு, இரண்டு மூன்று வாரம் பூனை என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பேன். எங்கே ஏறுகிறது, எந்த வயரை இழுக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். தனி அறை இல்லையென்றால் காத்திருங்கள். கார்ன் ஸ்னேக் 15 முதல் 20 வருஷம் வாழும், ராயல் பைத்தான் 30 வரையும் போகும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 62 வயதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்ட ஒரு ராயல் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. இன்றைக்கு வீட்டில் இருக்கும் பூனைகளுக்கு மட்டுமல்ல, இனி வரப்போகும் பூனைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த அறையைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.