தும்மலுக்கு எது? அவில், செட்ரிசின், அலெக்ரா, ஸ்பிரே: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கு வீடு திறந்தால் முதலில் கிளம்புவது தூசி, அடுத்தது தும்மல். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டு, பழைய இலவம்பஞ்சு மெத்தைகள், வௌவால் எச்சம் எல்லாம் ஒரே நாளில் மூக்குக்கு வந்து சேரும். போதாததற்கு ஊரைச் சுற்றி நிற்கும் சீமைக்கருவேலின் மகரந்தமும் சிலருக்கு ஆகாது. மெடிக்கலில் போய் "தும்மலுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால், விவரமான கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "போட்டுட்டுப் படுக்கப் போறீகளா ஆச்சி, வேலை பாக்கப் போறீகளா?"

அந்தக் கேள்வியை வைத்தே முதலில் அவிலைக் கழித்துவிடலாம். அதில் இருக்கும் பெனிரமின் பழைய தலைமுறை மருந்து. தும்மலை நிறுத்தும்தான், ஆனால் மூளைக்குள்ளும் புகுந்து ஆளைச் சாய்த்துவிடும், வாயும் உலர்ந்துபோகும். புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஐயாவுக்குக் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. வயதானவர்கள் ராத்திரி எழுந்து வளவைத் தாண்டி நடக்கும்போது தடுமாறி விழவும் இடம் உண்டு. பல சளி மாத்திரைகளில் இதே குடும்பத்தின் குளோர்பெனிரமின் கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

அடுத்து செட்ரிசின். விலை குறைவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. ஒரே மாத்திரை, சுமார் ஒரு மணி நேரத்தில் கேட்கும். தோல் தடிப்புக்கும் அரிப்புக்கும் நன்றாக வேலை செய்யும். அவில் அளவுக்கு இல்லாவிட்டாலும் சிலருக்குத் தூக்கம் தரும், அதனால் ராத்திரி போடுவது உத்தமம். லெவோசெட்ரிசின் 5 மி.கி. என்பது ஏதோ புது மருந்து இல்லை, செட்ரிசினில் வேலை செய்யும் பாதியைப் பிரித்தெடுத்தது, அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டிலுமே அளவைக் குறைக்க வேண்டிவரும். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தினால் அபூர்வமாகச் சிலருக்குக் கடும் அரிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் எச்சரித்திருக்கிறது.

சென்னையிலிருந்து கார் ஓட்டி வருபவருக்கும், ஏணியில் ஏறி ஒட்டடை அடிப்பவருக்கும் என் ஓட்டு ஃபெக்ஸோஃபெனடினுக்கு. அலெக்ரா என்றால் கடையில் சட்டென்று புரியும். செட்ரிசினைவிட விலை கூடுதல், ஆனால் தூக்கம் மிகக் குறைவு. தூசியில் இறங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கல்யாண வீட்டில் யாராவது ஜூஸ் டம்ளரை நீட்டிக்கொண்டேதானே இருப்பார்கள்!

லெவோசெட்ரிசினோடு மாண்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைப் பலர் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு இது பிடிக்காத பழக்கம். மாண்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு கொடுக்கும். 2020-இல் அதே அமெரிக்க அமைப்பு இதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்து, சாதாரண மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டும் கொடுக்கச் சொன்னது. ஆஸ்துமாவும் இருந்தால் கணக்கு வேறு, அதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். மூச்சு இழுத்தாலோ உதடும் முகமும் வீங்கினாலோ இந்த மாத்திரை எதையும் நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தும்மல், அரிப்பு, மூக்கொழுகலுக்கு. மூக்கடைப்புதான் தொல்லை என்றால் மாத்திரைகள் பெரிதாக உதவாது, ஸ்பிரேதான் கைகொடுக்கும். ஆனால் ஸ்பிரே என்ற பேரில் கடையில் இரண்டு விதம் இருக்கிறது. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை அடித்த சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும், ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள். தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் அடித்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். மூன்று நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புளூட்டிகாசோன், மொமெட்டாசோன் இன்னொரு வகை. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் அடிப்பதில் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். நீடித்த மூக்கு அலர்ஜிக்கு எல்லா மாத்திரைகளையும்விட இதுவே மேல். அடிக்கும் விதம்தான் பலருக்குத் தெரிவதில்லை. பாட்டிலைக் குலுக்கி, தலையைச் சற்றே குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுவில் அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

முழுப்பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும் என்பதுதான் இதன் ஒரே குறை. வருஷா வருஷம் வீடு திறக்கும்போது அவதிப்படுகிறவர் முகூர்த்த நாள் குறித்ததுமே மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டு, தூசி தட்டும் நாளுக்கு மட்டும் ஓர் அலெக்ராவைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.