எட்டு வருடமாக லொக்கோடு: ஒரு பஸ் ஆசனப் பதிவு மென்பொருளின் அனுபவம்

நல்லூர்த் தேருக்கு முதல் நாள் இரவு, கொழும்பில் இருந்து புறப்பட நின்ற பஸ்ஸில் இருந்து போன் வந்தது. "தம்பி, 17ஆம் நம்பருக்கு ரெண்டு பேர் நிக்கினம். ரெண்டு பேரிட்டையும் ரிக்கற் இருக்கு." அவர்களில் ஒருவர் கைக்குழந்தையோடு வந்த அம்மா. பஸ் நிறைந்திருந்தது. நடத்துநர் தன்னுடைய இருக்கையைக் கொடுத்து அவரை யாழ்ப்பாணம் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த ரிக்கற்றுகளைப் பதிந்தது, 2017இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்ன அறையில் இருந்து ஜாவா 8 என்ற நிரல்மொழிப் பதிப்பில் எழுதத் தொடங்கிய மென்பொருள். இன்று வரை அதைப் பராமரிப்பது நான்தான். ஒரு மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்தான் திரெட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டுத்தான் லொக். பல திரெட்டுகள் ஒரே தரவைத் தொடும் இடத்தில் லொக்கை நம்பி இத்தனை காலம் ஓடியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

17ஆம் ஆசனத்தில் நடந்தது இதுதான். ஆசனம் காலியா என்று பார்ப்பது ஒரு படி, பெயரைப் பதிவது அடுத்த படி. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு திரெட் புகுந்துவிட்டது. லொக் போடாமல் விடவில்லை. இணையத்தில் பதிகிறவர்களுக்கான மெதட்டிலும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) சின்க்ரனைஸ்ட் என்ற ஜாவாவின் லொக் சொல் இருந்தது, ஏஜென்ட் கடைகளுக்கான மெதட்டிலும் இருந்தது. ஆனால் அவை இருந்தது இரண்டு வெவ்வேறு ஒப்ஜெக்ட்டுகளில். ஜாவாவில் அப்படி எழுதினால் ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டும் தன்னைத்தான் பூட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு பூட்டு, ஆசனம் மட்டும் ஒன்று.

எங்கள் பக்கத் தோட்டங்களில் பங்குக் கிணறு உண்டு. யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை இருக்கும். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கு எழுதியிருக்கும். அந்த முறை கிணற்றுக்கு உரியது, பம்புக்கு அல்ல. நான் பம்புக்குப் பம்பு பூட்டுப் போட்டுவிட்டுக் கிணற்றைத் திறந்து விட்டிருந்தேன். அன்று முதல், பகிரப்படும் ஒவ்வொரு தரவுக்கும் மேலே அதைக் காக்கும் லொக் எது என்று எழுதி வைக்கிறேன். ஜாவா நிரலில் அதற்கென்று கார்டட்பை என்று ஒரு குறிப்புப் போடலாம். எரர் ப்ரோன் என்ற கருவி அதைப் படித்து, லொக் எடுக்காமல் தொட்ட இடத்தை, நிரலை ஓட்ட முதல் கொம்பைல் செய்யும்போதே காட்டிக்கொடுத்துவிடும். இந்த எட்டு வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த ஒரு வரிக் குறிப்புத்தான்.

வாசிக்கத்தானே போகிறோம், லொக் எதற்கு என்றும் கொஞ்சக் காலம் இருந்தேன். அதுவும் பிழை. ஒரு திரெட் எழுதியது மற்றத் திரெட்டின் கண்ணில் உடனே படும் என்று ஜாவா உத்தரவாதம் தருவதில்லை. எழுதுகிற திரெட்டும் வாசிக்கிற திரெட்டும் ஒரே லொக்கை எடுத்தால் அந்த உறுதி கிடைக்கும். ஏஜென்ட்டின் திரையில், ஏற்கனவே பதிவாகிவிட்ட ஆசனம் காலி என்று பச்சையாகவே நின்றதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் எஸ்எம்எஸ். பதிவு முடிந்ததும் பயணிக்குத் தகவல் அனுப்பும் வரியை லொக்குக்கு உள்ளேயே வைத்திருந்தேன். எஸ்எம்எஸ் போகத் தாமதமான ஒரு மாலையில் அத்தனை ஏஜென்ட்டும் காத்து நின்றார்கள். அந்த வரியை வெளியே எடுத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. வெளி இணைப்புக்குக் காத்திருக்கும் எதையும் இப்போது லொக்குக்குள் விடுவதே இல்லை.

இரண்டு திரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்கும் டெட்லொக் வந்தது ஒரே ஒரு முறை, ஆனால் நல்ல அடி. ஒரு பஸ் பழுதானால் பயணிகளை இன்னொரு பஸ்ஸுக்கு மாற்றும் வசதி இருந்தது. ஒரு திரெட் 4ஆம் பஸ்ஸைப் பூட்டிக்கொண்டு 9ஆம் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. இன்னொன்று 9ஐ வைத்துக்கொண்டு 4க்குக் காத்திருந்தது. குறுகிய ஒழுங்கையில் இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்து, இரண்டும் பின்னுக்குப் போகாமல் நின்றது போல. எரர் எதுவும் வரவில்லை. சிபியூவுக்கும் வேலை இல்லை, எல்லாம் அமைதி. ஓடும் திரெட்டுகளின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் என்ற கருவியை ஓட்டியதும் எந்தத் திரெட் எந்த லொக்கைப் பிடித்திருக்கிறது, எதற்குக் காத்திருக்கிறது என்று அது தந்த அறிக்கையின் அடியில் தெளிவாக வந்தது. இப்போது இரண்டு பஸ் என்றால் சிறிய இலக்கத்தைத்தான் முதலில் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது திரும்ப வரவில்லை.

சின்க்ரனைஸ்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய ரீஎன்ட்ரன்ட்லொக் என்ற லொக் ஜாவா 5இலேயே, 2004இல், வந்துவிட்டது. இத்தனை விநாடிதான் காத்திருப்பேன் என்று சொல்ல முடிவது அதில் பெரிய வசதி. ஆனால் திறப்பதை, என்ன நடந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் எழுத மறந்தால், நடுவில் ஒரு எக்செப்ஷன் (எதிர்பாராத பிழை) வந்ததும் லொக் பூட்டியபடியே கிடக்கும். சின்க்ரனைஸ்ட் தானாகத் திறந்துவிடும். ரீஎன்ட்ரன்ட்லொக்கில் கிணற்று முறை போல, காத்திருந்த வரிசைப்படி கிடைப்பதும் தானாக வராது. வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு வேகத்தில் விலை உண்டு. வாசிப்பவர் பலரை ஒன்றாக விடும் ரீட்ரைட்லொக்கும் போட்டுப் பார்த்தேன், எங்கள் அளவு வேலைக்கு வித்தியாசம் தெரியவில்லை, எடுத்துவிட்டேன். 2023இல் ஜாவா 21உடன், சில உண்மையான திரெட்டுகளின் மேல் ஏராளமாக ஓடும் இலேசான வேர்ச்சுவல் திரெட் வந்தபோது, சின்க்ரனைஸ்டுக்குள் காத்திருந்தால் அடியில் உள்ள உண்மையான திரெட்டும் சேர்ந்து முடங்கும் குறை இருந்தது. 2025இல் வந்த ஜாவா 24 அதைச் சரிசெய்துவிட்டது. காலக்கெடு தேவைப்படாத இடங்களில் எனக்கு சின்க்ரனைஸ்ட் போதும்.

இரண்டாவது சேர்வர் போட்டபோது இந்த லொக்குகளின் எல்லை தெரிந்தது. ஒரு சேர்வரில் எடுத்த லொக் மற்றதற்குத் தெரியாது. கிணறு டேட்டாபேஸுக்குப் போய்விட்டதால் முறையையும் அங்கேயே கொண்டுபோனேன். பயண இலக்கமும் ஆசன இலக்கமும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று அட்டவணையிலேயே யுனிக் கட்டுப்பாடு போட்டாயிற்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 17ஐ அழுத்தினால் ஒருவருடைய வரிதான் பதியும். மற்றவருக்கு, பணம் கட்டும் பக்கத்துக்குப் போக முதலே, 17 போய்விட்டது என்ற செய்தியும் மிச்சம் இருக்கும் ஆசனங்களும் திரையில் வரும்.